முட்டி போட்ட கார்

அவர் எனக்குச் செய்த உதவிகளை ஒருமுறை பட்டியல் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது வந்தது. அவற்றில் நான் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று.

ஒசூர் ரோட்டில் சந்தாபுராவுக்குப் பக்கத்தில், இயந்திர பாகங்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எனக்கு அதிர்வுப் பிரிவு. ஒரு பொருளை மேசையில் திருகாணியால் இறுக்கி, மணிக்கணக்கில் ஆட்டி, அது எப்போது விரிசல் விடுகிறது என்று குறித்துக்கொள்ளும் வேலை. அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கனத்த தோள்கள், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, யாராவது பேசினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும் தலை. எல்லோரும் அவரை ஸ்டோர்ஸ் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம், முதலாளி உட்பட.

அவர் காதுபடக் குறை சொல்லக் கூடாது. சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லித்தரப்பட்ட விதி இது. கோபப்படுவார் என்பதால் அல்ல, சரிசெய்துவிடுவார் என்பதால். நான் விதியை நம்பாமல், சாப்பாட்டு மேசையில், "இன்னிக்கு வெயில் ரொம்ப ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை என் மேசையில் ஒரு மின்விசிறி இருந்தது. முகத்துக்கு நேராக, முழு வேகத்தில். காகிதமெல்லாம் பறந்தது. நிறுத்தினேன். ஸ்டோர்ஸின் கண்ணாடித் தடுப்பு வழியே அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஓடலையா? வேற எடுத்தாரட்டா?"

"ஓடுது அண்ணா."

மறுபடி போட்டேன். அந்தக் கோடை முழுக்கக் காகிதங்களின் மேல் இரும்புத் துண்டுகளை வைத்து வேலை செய்தேன்.

என் பக்கத்து மேசை நவீனுக்கு இதைவிட மோசம். அளவுக்கருவிப் பிரிவில் இருந்த கன்னடக்காரன், எங்களோடு தமிழில்தான் பேசுவான். எப்போதோ ஒருநாள் அண்ணனின் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வறுத்த மீன் எடுத்துத் தின்றுவிட்டு, "சக்கத்தாகிதே அண்ணா" என்று தன் மொழியில் ருசியைப் புகழ்ந்திருக்கிறான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்கு ஒரு தனி டப்பா. பிறகு அவன் மணக்கப்போகும் பெண்ணின் வீட்டாருக்காக அசைவத்தை விட்டுவிட்டான். அதை அண்ணனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஏழு மாதம் வெள்ளிக்கிழமை மீன் வாட்ச்மேன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தது. காலி டப்பாவைக் கழுவிக் கொடுக்கும்போது, "முள்ளு ஜாஸ்தியா?" என்று அண்ணன் கேட்பார். "இல்ல அண்ணா, மெத்துனு இருந்துச்சு" என்பான் நவீன், வாட்ச்மேன் சொல்லிவைத்ததை அப்படியே.

"ஏன் அண்ணா இப்படிக் கேக்காமலே செய்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவே இல்லை. "கேட்டா குடுக்கிறது கடைம்மா," என்றார். "கேக்கிறதுக்கு வாய் வராம எத்தினி பேரு கீறாங்க தெரியுமா?"

அவர் சொன்னது பொய்யில்லை. என் பட்டியலில் நான் கேட்ட அந்த ஒன்று, அப்பா கிருஷ்ணகிரியில் பைக்கிலிருந்து விழுந்த அன்று. தொலைபேசியை வைத்ததும் ஸ்டோர்ஸுக்குப் போனேன். "ஒசூர் பஸ் ஸ்டாண்ட்ல விட்ருவீங்களா அண்ணா?" என்று மட்டும்தான் கேட்டேன். அவர் கிருஷ்ணகிரி வரை வந்தார். மருத்துவமனையில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத அந்த அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. சுளையில் இருந்த நாரை மட்டும் பொறுமையாக எடுத்தார். அம்மா இன்றும் அவரைத்தான் விசாரிப்பாள்.

ஆகவே அவரை நல்லவர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அந்த நல்லதிலிருந்து இறங்குவதற்குக் கதவு இல்லை, அவ்வளவுதான்.

அவருடைய காரில் நான் ஏறியதும் இப்படித்தான். பொம்மனஹள்ளியில் தங்கியிருந்தேன். ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை, காதில் ஏதாவது ஓடும், முக்கால் மணி நேரம் யாரோடும் பேச வேண்டாம். நாளின் நல்ல பகுதி அதுதான். ஒரு மழை நாளில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றபோது அண்ணனின் வெள்ளை கார் வந்து நின்றது. பின்னிருக்கையில் நவீன் இருந்தான். மறுநாள் ஏழே முக்காலுக்கு அதே இடத்தில் அதே கார். அதற்கு மறுநாளும். ஒருநாள் துணிந்து, அவர் வருவதற்கு முன்பே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டேன். அவர் இருபத்தைந்து நிமிடம் அங்கே காத்திருந்துவிட்டு வந்தார். திட்டவில்லை. மழைக்கோட்டு ஒன்று வாங்கி வந்து என் நாற்காலியில் மாட்டினார். அதற்குப் பிறகு நான் பஸ்ஸை நினைக்கவில்லை.

இனி ஸ்டெல்லா ஆன்ட்டி.

சான்றிதழ்களைத் தட்டச்சு செய்து, சரிபார்த்து, முத்திரை வைத்து அனுப்புவது ஆன்ட்டியின் வேலை. முப்பது வருடமாக அதே நாற்காலி. அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மர்பி டவுனிலேயே வீடு. கணவர் இல்லை. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது இடுப்பு மூட்டை மாற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் கழித்துக் கைத்தடியோடு திரும்பி வந்தார்.

வரவே கூடாது என்று மகன் பிடிவாதமாக இருந்திருக்கிறார். இதை ஆன்ட்டி என்னிடம் கைகழுவும் இடத்தில் வைத்துச் சொன்னார்.

"வேலைய விடுங்கம்மா, வீட்ல நிம்மதியா இருங்கங்கிறான். வீட்ல எங்க கண்ணு நிம்மதி? வீட்ல இருந்தா நான் எல்லாருக்கும் கிடைச்சுக்கிட்டே இருப்பேன். பட்டாணி உரி, பிள்ளையப் பாரு, கேஸ் வந்தா கதவத் தெற. இங்க வந்தா எனக்குன்னு ஒரு டேபிள் இருக்கு. ரெண்டு வருஷம். என் கால்ல நடந்து வந்து, என் கால்ல நடந்து போயி, கடைசி நாள் கேக் வெட்டிட்டுப் போவணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

பிறகு குழாயை மூடிவிட்டு, "வலிக்குதுன்னு எவனும் என் பையன்கிட்ட சொல்லிறக் கூடாது. அதுக்குத்தான் காத்துட்டிருக்கான்" என்றார்.

ஆபீஸ் பஸ்ஸின் படி உயரம், ஏற முடியாது. அண்ணன் காரின் முன்னிருக்கையில் வந்தார். உண்மையைச் சொன்னால், அந்தக் கார் ஆன்ட்டிக்கு அளவெடுத்தது போல இருந்தது. கதவைத் திறந்து, இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கால்களை உள்ளே எடுத்துக்கொள்வார். இறங்கும்போது கால்களை வெளியே வைத்து, ஒரு கையில் கதவு, ஒரு கையில் தடி, எழுந்துவிடுவார். யாரும் தொடத் தேவையில்லை. இரண்டு மாதம் இப்படி ஓடியது.

ஒருநாள் சாயங்காலம், வாசலில் நின்ற ஆபீஸ் பஸ்ஸைப் பார்த்து ஆன்ட்டி, "அந்தப் படி இருக்கு பாரு, கொலைகாரப் படி. உயரம்னாலே இப்பல்லாம் பயமாயிருக்கு" என்றார். நானும் நவீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

திங்கட்கிழமை பொம்மனஹள்ளியில் கார் வந்து நின்றபோது ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. டயருக்கும் அதற்கு மேலிருந்த வளைவுக்கும் நடுவே வழக்கமாகத் தெரியும் இடைவெளியைக் காணோம். கார் உட்கார்ந்திருந்தது.

"பாத்தியாம்மா?" அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே சொன்னார். "ஆன்ட்டிக்கோசரம் வண்டியவே முட்டி போட வெச்சிட்டேன்."

சனிக்கிழமை ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் குட்டை ஸ்பிரிங் வாங்கி நான்கு சக்கரத்துக்கும் மாற்றியிருக்கிறார். கார் நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஆன்ட்டி முன்னிருக்கையில் கைத்தடியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷாக் அப்சார்பரும் மாத்தினீங்களா அண்ணா?"

"அது இன்னாத்துக்கு? கடைக்காரரும் கேட்டாரு. ஒரிஜினல் ஷாக்கு, கம்பெனிதும்மா, கல்லு மாதிரி கீது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்கும். ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்யப்பட்டவை. குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கின் மேல் மாட்டினால், ஷாக்கின் தண்டு எப்போதும் பாதி உள்ளே அமுங்கியே நிற்கும். மேற்கொண்டு அமுங்க இடமில்லாததால் சின்னப் பள்ளத்துக்கும் அடியில் இருக்கும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். இடித்துத் திரும்பும் துள்ளலை அடக்க அதற்குப் பலமும் போதாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து நாலு பேருக்குக் காட்டும் கார் என்றால் பரவாயில்லை. இது ஒசூர் ரோட்டில் நான்கு பேரோடு தினமும் ஓடும் கார்.

அன்று ஆபீஸ் வாசலில் ஆன்ட்டி இறங்கும்போதுதான் முழுதாகப் புரிந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றுமில்லை, இருக்கைக்கும் காரின் தரைக்கும் இருந்த தூரம் மாறவில்லை. ஆனால் காலை எடுத்துச் சாலையில் வைத்ததும், சாலை நான்கு சென்டிமீட்டர் மேலே வந்துவிட்டது. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தது. எழ முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினார். ஆன்ட்டியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணனுக்கும் வந்துவிட்டது. "அய்ய, இதுக்கெல்லாம் அழுவாங்களா ஆன்ட்டி? நம்ப வண்டி, நம்ப ஆன்ட்டி. சும்மாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

ஆன்ட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். மருத்துவமனையில் கொடுத்தது. செய்யக்கூடாதவை என்று ஏழு இருந்தன. மூன்றாவதன் கீழ் சிவப்புக் கோடு. தாழ்வான இருக்கை கூடாது, இடுப்பைவிட முழங்கால் உயரக் கூடாது, மூட்டு நழுவிவிடும்.

"நான் சொல்றேன் ஆன்ட்டி அவர்கிட்ட."

"சொல்லாத." என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "சொன்னா வேற ஒண்ணு செய்வான். அது எதுன்னு நமக்குத் தெரியாது. இது என்னன்னாவது தெரியும்."

அன்றிலிருந்து ஆன்ட்டியை இறக்குவதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டோம். கார் நிற்கும் முன்பே நவீன் பின்கதவைத் திறந்து குதிப்பான். அண்ணனிடம் டயரில் காற்று குறைந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி அவரைப் பின்பக்கம் இழுப்பான். அந்த இடைவெளியில் நான் என் சாப்பாட்டுப் பையை ஆன்ட்டிக்கு அடியில் தள்ளிச் சற்று உயர்த்தி, முன்னால் நின்று, இடுப்பு வளையாமல் எழுப்புவேன். அண்ணன் முந்திக்கொண்டால் கையைப் பிடித்து இழுத்துவிடுவார், அதுதான் பயம். இரண்டே வாரத்தில் அண்ணன் காற்றடிக்கும் பம்பு ஒன்று வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டார். நவீனுக்காக.

வேகத்தடைகள் தனிக் கதை. பெரியவை மூன்று இருந்தன. நான்கு பேரோடு போனால் காரின் வயிறு உரசும். அதனால் அந்த மூன்று இடத்திலும் நானும் நவீனும் இறங்கி, காருக்குப் பக்கத்திலேயே நடந்து, தடையைத் தாண்டியதும் ஏறிக்கொள்வோம். பின்னால் ஆட்டோக்கள் ஹார்ன் அடிக்கும். ஆன்ட்டி மட்டும் உள்ளே அசையாமல் இருப்பார்.

"ஜாத்ரைக்குத் தேர் போகுது பாருங்க," என்பான் நவீன். "வடம் மட்டும்தான் இல்ல நம்ம கைல."

"சிரிக்காதடா, இடிக்குது" என்பார் ஆன்ட்டி ஜன்னல் வழியே, அண்ணனுக்குக் கேட்காமல்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. என்னை ஏற்றிக்கொள்ளத்தான் அவர் கீழ்ச் சாலையில் வருகிறார். நான் இல்லையென்றால் பொம்மனஹள்ளிக்கு முன்னால் வரும் சில்க் போர்டிலேயே மேம்பாலம் ஏறிவிடலாம். அங்கே வேகத்தடை கிடையாது. ஆன்ட்டிக்கு முக்கால்வாசி வழி இடி இல்லாமல் போகும்.

"அண்ணா, நாளைலேருந்து நான் பஸ்ல வந்துக்கறேன்."

அவர் காரை ஓரம் கட்டிவிட்டார். நிஜமாகவே ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஏம்மா, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?"

"இல்ல அண்ணா, அப்படியெல்லாம் இல்ல."

"நவீனு எதுனா சொன்னானா?"

"அய்யோ நானா? தேவரே!" என்று கடவுளைத் துணைக்குக் கூப்பிட்டான் நவீன்.

"அப்புறம் இன்னா? பஸ்ல நின்னுக்கினு வரணும்னு ஆசையா உனக்கு?" என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அடிபட்ட மாதிரி ஒரு வெளுப்பு வந்தது.

"சும்மா சொன்னேன் அண்ணா."

"ஆய்து, ஆய்து," என்று காரை எடுத்தார். மறுநாள் பின்னிருக்கையில் எனக்காக ஒரு கழுத்துத் தலையணை இருந்தது.

இப்படி மூன்று மாதம். ஆன்ட்டி நாளுக்கு நாள் மெதுவாக நடந்தார். மாலையில் கார் ஏறும் நேரம் நெருங்கினால் தட்டச்சில் தவறுகள் விழும், அழித்து அழித்து அடிப்பார். ஒருநாள் சந்தாபுராவுக்கு முன்னால், புதிதாகப் போட்டிருந்த, வர்ணம் அடிக்காத ஒரு வேகத்தடையை அண்ணன் கவனிக்கவில்லை. கார் எழும்பி விழுந்தது. ஆன்ட்டியிடமிருந்து வந்த சத்தம் வார்த்தை இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் விடுப்பு. காய்ச்சல் என்று மகனிடம் சொல்லிப் படுத்திருந்ததாகப் பின்னால் சொன்னார். மூன்றாம் நாள் வந்துவிட்டார். முன்பக்க இடது ஷாக்கிலிருந்து எண்ணெய் கசிந்து சக்கரத்தில் வழிந்திருந்ததை அன்று காலை பார்த்தேன்.

இனிமேலும் பொறுத்துக்கொண்டிருப்பது தவறு என்று முடிவு செய்தேன். வருத்தத்தோடு பேசினால் அவர் வருத்தத்துக்கு மருந்து தேடுவார். எண்களாகக் கொடுத்தால் எண்ணைச் சரிசெய்வார் என்று கணக்குப் போட்டேன். ஆய்வுக்கூடத்தில் அதிர்வை அளக்கும் சின்ன உணரி ஒன்றைக் கைப்பையில் போட்டு ஒரு வாரம் காரில் அளந்தேன். பழைய இருக்கை உயரம், இப்போதைய உயரம், நான்கு பேர் ஏறினால் எவ்வளவு. ஷாக்கில் மிச்சமிருக்கும் அமுக்கம். ஒவ்வொரு தடையிலும் இடியின் அளவு. மருத்துவமனைக் காகிதத்தின் மூன்றாவது விதி. ஆன்ட்டி உட்காரத் தகுந்த குறைந்தபட்ச உயரம். இரண்டு பக்கம். கடைசி வரி: பழைய ஸ்பிரிங்கை மீண்டும் பொருத்தப் பரிந்துரைக்கிறேன். கையெழுத்துப் போட்டேன். ஆன்ட்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் ஸ்டோர்ஸில் நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கம் வந்ததும் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அழுதாங்களே..."

"வலி அண்ணா."

"மூணு மாசமா?"

"ஆமா."

"ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே." குற்றம் சொல்லும் குரலாக அது இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"பழைய ஸ்பிரிங் இருக்கா அண்ணா?"

"யாருக்கோ உடைஞ்சிட்சின்னாங்க, குடுத்துட்டேன். அத வுடு." காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. "இத நான் வெச்சிக்கிறேன்மா. நல்ல வேலை செஞ்ச நீ."

மூன்று மாதத்தில் முதல்முறையாக அன்று இலகுவாக இருந்தது. புது ஸ்பிரிங்குக்கு நான்கு நாள் ஆகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் கேக் இருந்தது. மேனேஜர் பேசினார். ஸ்டெல்லா மேடம் ஓய்வு பெறும் வரை வீட்டிலிருந்தே வேலை செய்ய நிர்வாகம் சிறப்பு அனுமதி தந்திருக்கிறது. இதற்காக ஸ்டோர்ஸ் அண்ணன் மூன்று நாள் அலைந்திருக்கிறார், மேடத்தின் மகனையும் நேரில் அழைத்து வந்து பேச வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிர்வுப் பிரிவிலிருந்து வந்த தொழில்நுட்ப அறிக்கை அவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் முதலாளி ஒரே நாளில் ஒப்புக்கொண்டார். மேனேஜர் என் பெயரைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மகன் அம்மாவின் தோளில் கை போட்டு நின்றிருந்தார். ஆன்ட்டி கேக் வெட்டினார். முதல் துண்டை அண்ணனுக்கு ஊட்டினார். இரண்டாவதை என்னிடம் நீட்டியபோது கண்ணைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் அல்சூர் போய் இறங்கி, மர்பி டவுனுக்கு நடந்தேன். மதியம். வீட்டுக்குள் நுழையும்போதே டிரில் ஓடும் சத்தம் கேட்டது. குளியலறையில் அண்ணன் ஏதோ பொருத்திக்கொண்டிருந்தார்.

முன்னறையில் ஆபீஸ் கணினி, புது மேசை, நான் எழுதியிருந்த அதே உயரத்தில் ஒரு நாற்காலி. விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு முறத்தில் பட்டாணி. சின்னப் பேரன் மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து மருமகள், "அத்தே, உரிச்சாச்சா?" என்று கேட்டாள். "ஆகுதும்மா" என்றார் ஆன்ட்டி.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். டிரில் சத்தம் ஏறியபோது மட்டும் ஆன்ட்டி பேசினார். நின்றால் நிறுத்தினார்.

"உள்ள இருக்கானே, அவன்தான் நீ எழுதினத காட்டினான். படிச்சேன். முப்பது வருஷம் எவ்ளோ ரிப்போர்ட் அடிச்சிருக்கேன். ஒரு தப்பு இல்ல அதுல."

"ஆன்ட்டி, நான் மேனேஜர்கிட்ட பேசறேன். ஸ்பிரிங்க மாத்தச் சொல்லி... இல்லைன்னா ஆபீஸ் செலவுல ஒரு கேப்... வாரத்துக்கு மூணு நாளாவது..."

கையை உயர்த்தினார். கையில் ஒரு பட்டாணித் தோல் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல கண்ணு?"

டிரில் நின்றது. ஆன்ட்டி உடனே சிரித்த முகமானார். நானும் ஆனேன். தலையிலும் புருவத்திலும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூளோடு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டியாம்மா? கரெக்ட் டைம்." என்னைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் புதிதாக ஓர் இரும்புக் கைப்பிடி, என் தோள் அகலத்துக்கு. "ஆன்ட்டி பிடிச்சிக்கினு எழுந்துக்கலாம். இனிமே அவங்க எதுக்கும் வெளிய போவ வேணாம்மா, எல்லாம் உள்ளயே ஆய்து. நீ இன்ஜினியரு, பிடிச்சி இழுத்துப் பாரு. ஆடுதா?"

இரண்டு கையாலும் பிடித்தேன். ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டேன். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தேன். நிறுத்திவிட்டு, மறுபடியும் இழுத்தேன்.

"ஆடல அண்ணா," என்றேன்.